ஒரு கப்பலுக்காக

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடித்துக்கொண்ட தம்பதிகள் அன்று பிற்பகல் என்ன செய்வது என்று தெரியாமல் விழிப்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். மாலை மாற்றியாயிற்று, கலச தீர்த்தத்தில் நனைந்தாயிற்று, சாப்பாடும் ஆயிற்று. ஊருக்குத் திரும்ப ரயில் ராத்திரிதான். லாட்ஜ் அறையிலோ பேரக் குழந்தைகள் கட்டில் மேல் ஏறிக் குதிக்கின்றன. சென்ற வருஷம் என் மனைவியின் தம்பிக்கு அங்கே சஷ்டியப்த பூர்த்தி நடந்தபோது நாங்களும் அந்த நிலைமைக்கு வந்து சேர்ந்தோம்.

"சமுத்திரம் பார்க்கலாமே" என்றேன். "தரங்கம்பாடி பக்கத்தில்தானே இருக்கிறது? பத்து கிலோமீட்டர் கூட இராது."

"அங்கே என்ன அத்தான் இருக்கு? ஓர் இடிஞ்ச கோட்டை. அதுக்குப் பூம்புகாரே தேவலையே" என்றார் மைத்துனர். அவர் பாங்கியில் முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பார்த்துவிட்டு அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். எதையும் வரவு செலவு பார்த்துத்தான் ஒப்புக்கொள்வார்.

எனக்குத் தரங்கம்பாடி மேல் ஒரு பழைய பாத்தியதை உண்டு. சிறு பையனாக இருந்தபோது என் மாமா என்னை மாயவரத்திலிருந்து ரயிலில் அங்கே அழைத்துப் போயிருக்கிறார். ஆமாம், ரயில்தான். 1926-ல் போட்ட கிளைப் பாதை. செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையாறு என்று ஒவ்வோர் ஊரையும் குசலம் விசாரித்துக்கொண்டு கடலண்டை போய்ச் சேரும். 1986-ல் அதை நிறுத்திவிட்டார்கள். உப்புக் காற்று முகத்தில் அடித்ததும் மாமா, "இறங்கத் தயாராகு, இதற்குமேல் தண்டவாளம் கிடையாது. இதற்கப்புறம் கப்பல்தான்" என்றார். அந்த வாக்கியம் என் மனத்தில் தங்கிவிட்டது.

பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. தரங்கம் என்றால் அலை. ஆகவே தரங்கம்பாடி என்றால் 'அலைகள் பாடும் ஊர்' என்று பிரயாண விளம்பரங்களிலெல்லாம் போடுகிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 'பாடி' என்பது பாட்டு அல்ல. சேரி, குடியிருப்பு என்ற பொருளில் வருகிற பாடிதான் அது. கரையிலே இருக்கும் மாசிலாமணிநாதர் கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி என்றே இருக்கிறது. குலசேகரன்பட்டினம் என்றும் ஒரு பெயர் உண்டு. பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த கோயில் அது. மாமாவோடு நான் போனபோது கோயிலின் முன்பகுதி பாதி தண்ணீரில் கிடந்தது. அலை வரும்போது தூண் மறையும், போகும்போது தெரியும். "சாமி குளிக்கிறாரா?" என்று கேட்டேன். மாமா பதில் சொல்லாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், தரங்கம்பாடியை ஏதோ டென்மார்க்குக்காரர்கள் வந்து கண்டுபிடித்த ஊர் என்று நினைத்துவிடக் கூடாது. அவர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்பே அது பட்டினம் என்று பேர் வாங்கிவிட்டது. ஆனால் அவர்கள் வந்த கதை இருக்கிறதே, அதை எந்த நாவலாசிரியனும் எழுதத் துணியமாட்டான். நம்பமாட்டார்கள் என்ற பயந்தான் காரணம்.

டென்மார்க்கில் நாலாம் கிறிஸ்டியன் என்ற அரசர் 1616-ல் ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி ஆரம்பித்தார். டச்சுக்காரர்களுக்கும் ஆங்கிலேயருக்கும் கம்பெனி இருக்கும்போது நமக்கு மட்டும் இல்லாவிட்டால் எப்படி என்ற எண்ணந்தான். கண்டி ராஜாவின் தூதன் என்று சொல்லிக்கொண்டு ஒரு டச்சுக்காரன் அவரிடம் வந்து, இலங்கையில் வியாபாரத்தைக் கொட்டிக் கொடுப்பதாக ஆசை காட்டினான். 1618-ல் கப்பல்கள் கிளம்பின. தலைமை தாங்கியவர் ஓவே கெட்டே. அவருக்கு அப்போது வயது 23. ஆசை காட்டிய தூதன் வழியிலேயே செத்துப்போனான். இலங்கைக்குப் போய்ப் பார்த்தால், கண்டி ராஜா இதற்குள் போர்ச்சுகீசியரோடு சமாதானம் செய்துகொண்டுவிட்டார். இவர்களை எதற்காக வரவேற்பது என்று அவருக்கே விளங்கவில்லை!

நல்ல வேளையாக வேறோரிடத்தில் காரியம் நடந்துகொண்டிருந்தது. முன்னாலேயே வந்திருந்த ஒரு டேனிஷ் கப்பலைப் போர்ச்சுகீசியர் காரைக்காலுக்கு எதிரே மூழ்கடித்துவிட்டார்கள். அதிலிருந்து தப்பிக் கரையேறிய ரோலண்ட் கிராப்பே என்பவரையும் பத்துப் பதின்மூன்று மாலுமிகளையும் பிடித்துத் தஞ்சாவூர் அரண்மனையில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அங்கே சிம்மாசனத்தில் இருந்தவர் ரகுநாத நாயக்கர். சங்கீதத்திலும் சாகித்தியத்திலும் வல்லவர். வீணையில் அவர் பெயரால் ஒரு மேளம் இருக்கிறது என்பார்கள். கலைஞராக இருந்தாலும் கணக்கும் தெரிந்தவர். போர்ச்சுகீசியரை மட்டுமே நம்பியிராமல் இன்னொரு வியாபாரியையும் கரையில் வைத்துக்கொண்டால் நல்லது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. 1620 நவம்பர் 20-ம் தேதி ஒப்பந்தம் ஆயிற்று. ஈர உடையோடு கைதியாகப் போனவர், ஒரு துறைமுகத்தை வாங்கிக்கொண்டு திரும்பினார்!

நாயக்கர் டென்மார்க் அரசருக்கு அனுப்பிய தங்க ஏட்டுக் கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. வாசகம் தமிழ், கையெழுத்துத் தெலுங்கு. பனையோலையைப் போலவே நீளமாக நறுக்கிய தங்கத் தகடு. அது பத்திரமாக இருக்கிறது. அது கொடுத்த உரிமைதான் கொஞ்ச நாளில் கந்தலாகிவிட்டது.

நாங்கள் போன கார், 1792 என்று வருஷம் பொறித்த வெள்ளை நுழைவாயிலைத் தாண்டி ராஜா வீதியில் புகுந்தது. இப்படி ஒரு வீதியைத் தமிழ்நாட்டின் வேறு கடற்கரையில் பார்க்க முடியாது. பரபரப்பு இல்லை. இரண்டு பக்கமும் பழைய வீடுகள், பள்ளிக்கூடம், இரண்டு மாதாகோயில்கள். ஒன்று 1701-ல் கட்டியது, மற்றொன்று 1718-ல். கோடியில் திடீரென்று வானமும் தண்ணீரும். வலது பக்கத்தில் கோட்டை.

டான்ஸ்போர்க் என்பது அதன் பெயர். செஞ்சிக் கோட்டையையும் வேலூர்க் கோட்டையையும் பார்த்த கண்ணுக்கு இது ஒரு பெரிய பங்களா மாதிரிதான் தெரியும். மைத்துனர் முகத்தில் 'நான் அப்போதே சொன்னேனே' என்று எழுதியிருந்தது. கீழே வளைவுக் கூரை போட்ட கிடங்குகள். மேலே கவர்னர் இருந்த அறைகள். இப்போது உள்ளே பொருட்காட்சி வைத்திருக்கிறார்கள்: பீங்கான் துண்டுகள், காசுகள், பழைய படங்கள், பத்திரங்கள். சாயங்காலம் நாலரை மணிக்கு மேல் போவது நல்லது. வெயில் பின்னால் போய்விடும். மேல்தளத்தில் நின்றால் கடற்காற்று வேட்டியைப் பிடுங்கும். இரவு தங்குகிறவர்களுக்குக் கோட்டைக்கு எதிரிலேயே ஒரு பழைய பங்களாவை ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள். கடலில் இறங்கிக் குளிக்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஆழமும் இழுப்பும் அதிகம்.

மேல்தளத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு மைத்துனருக்குக் கொங்ஸ்பாக்கேயின் கதையைச் சொன்னேன். நான் இருபது வருஷமாக எழுத நினைத்து எழுதாமல் விட்ட நாவலின் கதை அது.

முதல் வருஷங்களிலேயே இங்கு வாழ்க்கை சுகமாக இல்லை. ஐஸ்லாந்துக்காரரான யோன் ஓலாஃப்ஸன் என்ற சிப்பாய் 1620-களில் இந்தக் கோட்டையில் வேலை பார்த்துவிட்டு, வெடிமருந்து விபத்தில் கையைப் புண்ணாக்கிக்கொண்டு ஊர் திரும்பினார். வயதான காலத்தில், 1661-ல், தம் சரித்திரத்தை எழுதி வைத்தார். பனிக்கட்டித் தேசத்துக் குடிசையில் உட்கார்ந்து தரங்கம்பாடியை நினைத்துக்கொண்ட மனிதர்! அவராவது திரும்பினார்.

1639-ல் வில்லெம் லேயெல் என்ற அதிகாரியோடு ஒரு கப்பல் டென்மார்க்கிலிருந்து கிளம்பியது. வழியில் பல தடங்கல்கள்; வந்து சேர 1643 ஆகிவிட்டது. வந்தால், இங்கே கவர்னராக இருந்தவர் கதவைத் திறக்கமாட்டேன் என்கிறார். அவர் கணக்கு அப்படி! தம்முடைய கோட்டையையே முற்றுகையிட்டுப் பிடிக்க வேண்டியிருந்தது லேயெலுக்கு. நான்கைந்து வருஷம் சென்று, அவருடைய ஆட்களே கலகம் செய்து அவரைக் கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். இதற்கிடையே ஐரோப்பாவில் டென்மார்க் யுத்தங்களில் சிக்கித் திவாலாகிவிட்டது. 1650-ல் கம்பெனியைக் கலைத்தார்கள். அடுத்த வருஷம் தரங்கம்பாடியைப் பிராண்டன்பர்க் அரசருக்கு விற்றுவிட ஏற்பாடு நடந்தது. வாங்குகிறவர் பணம் கட்டாததால் அது நடக்கவில்லை. கோட்டைக்குள் இருந்தவர்களுக்குச் சம்பளம் இல்லை, கடிதம் இல்லை, கப்பல் இல்லை. ஒருவர் பின் ஒருவராகச் செத்தார்கள். 1655-ல் தலைவராக இருந்த பால் ஹான்ஸன் கோர்ஸோரும் இறந்தார்.

மிஞ்சிய ஒரே டேனிஷ்காரர் எஸ்கில் ஆண்டர்சன் கொங்ஸ்பாக்கே. பிரபு வம்சம் அல்ல, சாதாரண ஆள். இனி அவரே கவர்னர், அவரே சிப்பந்தி.

"ஒரே ஒருத்தரா?" என்றார் மைத்துனர். அவருக்குள் இருந்த பாங்கி அதிகாரி விழித்துக்கொண்டுவிட்டார். "ஹெட் ஆபீஸ் மூடின அப்புறம் கிளையை ஒரு மனுஷன் நடத்தியிருக்கான் என்கிறீர்களா?"

அதேதான். தஞ்சாவூரில் நாயக்கர் ஆட்சி தளர்ந்துகொண்டிருந்தது; பீஜப்பூர்ப் படைகள் சோழநாட்டைச் சூறையாடிய காலம் அது. கொங்ஸ்பாக்கே ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். போர்ச்சுகீசிய வம்சாவளியினரான உள்ளூர்வாசிகளைச் சம்பளத்துக்கு அமர்த்திக் காவல் வைத்தார். நாயக்கரின் ஆட்கள் வந்து முட்டிப் பார்த்தார்கள், ஊர் விழவில்லை. வருகிற போகிற மற்ற ஐரோப்பியக் கப்பல்களில் டென்மார்க்குக்குக் கடிதம் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். கோட்டை இன்னும் உங்களுடையதுதான், கப்பல் அனுப்புங்கள் என்பதுதான் விஷயம். அந்தக் கடிதங்களைச் சேர்ப்பித்தவர்கள் எல்லாரும் போட்டி வியாபாரிகள். 'இந்தப் பைத்தியத்தைப் பார்' என்று அவர்கள் சிரித்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

இதுவரை சொன்னால் நாவல் ஜோராக வரும். அடுத்த அத்தியாயத்தில்தான் என் பேனா நின்றுவிடும். மதிலுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1640-களிலேயே டேனிஷ்காரர்கள் வங்காளத்து மொகலாய அதிகாரிகளோடு சண்டைக்குப் போயிருந்தார்கள். அந்தச் சாக்கில் வங்காள விரிகுடாவில் போகும் கப்பல்களை மறித்துப் பிடித்து, சரக்கை விற்றுச் சாப்பிட்டார்கள். கொங்ஸ்பாக்கேயும் அதையேதான் செய்தார். டென்மார்க்கில் அதை யுத்தம் என்று எழுதிக்கொள்ளலாம். பத்து வருஷம் சேர்த்த காசைச் சரக்காக்கிக் கப்பலேற்றிய பாலசோர் வியாபாரி அதற்கு வேறு பெயர் வைத்திருப்பான். அந்தப் பகை தீர்ந்து சமாதானம் ஏற்பட்டது 1698-ல்தான். கோபன்ஹேகனில் ஒரு வீரன், வங்காளத்தில் ஒரு கொள்ளைக்காரன், பொறையாற்று நெசவாளிக்கோ பீஜப்பூர்க் குதிரையிலிருந்து தன்னைக் காப்பாற்றிய மதில். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. இவர்களில் யார் பக்கத்தில் உட்கார்ந்து கதையை ஆரம்பிப்பது? மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன்.

கடைசியில் கடிதங்கள் பலித்தன. 1668-ல் 'ஃபேரோ' என்ற போர்க்கப்பலை அனுப்பினார்கள். 1669 மே மாதம் அது தரங்கம்பாடிக்கு முன்னால் வந்து நங்கூரம் போட்டது. இதற்கு முந்திய கப்பல் டென்மார்க்கைவிட்டுக் கிளம்பி 29 வருஷம் ஆகியிருந்தது. கொங்ஸ்பாக்கேயைத் தலைவராக நியமித்து அரசர் அனுப்பிய உத்தரவையும் கப்பல் தலைவர் கொண்டுவந்திருந்தார். பதினாலு வருஷம் பார்த்த வேலைக்கு நியமன உத்தரவு!

"அரியர்ஸ் கொடுத்தானா?" என்று கேட்டார் மைத்துனர்.

அதற்குப் பிறகு நடந்தவை பாடப்புத்தகத்தில் வருபவை. 1706 ஜூலையில் சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானியப் பாதிரிமார்கள் டென்மார்க் அரசர் அனுப்பி இங்கே வந்து இறங்கினார்கள். எழுதிப் பிழைக்கிறவன் என்ற முறையில் சீகன்பால்குக்கு நான் ஒரு கும்பிடு போட்டாக வேண்டும். மணலில் எழுத்தெழுதிப் பழகும் சிறுவர்களோடு உட்கார்ந்து தமிழ் கற்றார் என்று சொல்வார்கள். வந்த இரண்டே வருஷத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏட்டுச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொன்றையும் பற்றிக் குறிப்பெழுதிப் பட்டியல் போட்டுவிட்டார். தமிழை அச்சில் கொண்டுவந்தது இவர்தான் என்று சிலர் சொல்வது தவறு. 1578-லேயே கொல்லத்தில் தமிழ்ப் புத்தகம் அச்சாகிவிட்டது. ஆனால் அது வெகுகாலம் நிலைக்கவில்லை. இங்கே ஏற்பட்டது நிலைத்தது. லண்டனிலிருந்து அச்சு இயந்திரத்தோடு கிளம்பிய அச்சுக்காரர் வழியிலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712-ல் வந்து சேர்ந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துக்களோ பெரியவை, காகிதத்தை விழுங்கின. ஆகவே பாலாடைக்கட்டி டப்பாக்களின் ஈய மூடிகளை உருக்கிச் சிறிய எழுத்துக்களை இங்கேயே வார்த்தார்கள். 1715-ல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது. பொறையாற்றில் காகித ஆலையும் வைத்துப் பார்த்தார்கள். கவர்னரோடு மோதி நாலு மாதம் இதே கோட்டையில் சிறையும் இருந்த அந்த மனிதர், 1719-ல் 36 வயதிலேயே காலமாகிவிட்டார். ராஜா வீதி மாதாகோயிலில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

1845-ல் டென்மார்க், தரங்கம்பாடியையும் வங்காளத்தில் இருந்த சேராம்பூரையும் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயருக்கு விற்றது. கொஞ்ச காலம் கலெக்டர் கச்சேரியெல்லாம் இங்கே நடந்தது. தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை இங்கே முன்சீபாக இருந்தார் என்பது எங்கள் ஜாதிக்கு, அதாவது நாவலாசிரியர் ஜாதிக்கு, ஒரு பெருமை. பிறகு நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்தது. வியாபாரம் அங்கே போயிற்று. தரங்கம்பாடி தூங்கத் தொடங்கியது. தூங்கியதனால்தான் இத்தனை பழைய வீடுகள் இடிபடாமல் தப்பின என்று தோன்றுகிறது. பணம் வந்த ஊர்களில் எந்தப் பழைய வீடு மிஞ்சியிருக்கிறது?

கோட்டையைவிட்டு இறங்கிக் கடலோரமாகக் கோயில் பக்கம் நடந்தோம். நான் சிறுவனாகப் பார்த்த தண்ணீர்த் தூண்கள் இல்லை. கடலுக்கும் கரைக்கும் நடுவே பெரிய பாறைக் கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். கோயிலைப் புதுப்பித்து வர்ணம் பூசியிருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26-ம் தேதி காலையில் வந்த அலை, கோட்டையை விட்டுவிட்டு மீனவர் குடியிருப்பை வாரிக்கொண்டு போயிற்று. அதைப் பற்றி நான் எழுதப்போவதில்லை. அந்த ஊர்க்காரர்களிடம் அதைக் கேட்கவும் எனக்கு வாய் வரவில்லை.

கற்களின் ஓரத்தில் ஓர் அம்மாள் சாக்கை விரித்துக் கருவாடு காயவைத்ததை அள்ளிக்கொண்டிருந்தார். என் மனைவி பேச்சுக் கொடுத்தாள். வீட்டுக்காரரும் மகனும் கடலுக்குப் போயிருக்கிறார்களாம்.

"எப்போது வருவார்கள்?" என்று நான் கேட்டேன்.

"வர்றப்ப வருவாக ஐயா. விடியக்காலம் வந்தாலும் வரலாம்."

"அதுவரைக்கும் இங்கேதான் பார்த்துக்கொண்டிருப்பீர்களா?"

அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பாத்துக்கிட்டு நின்னா சோறு யாரு ஆக்குறது?" என்றார். கருவாட்டுக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

என்னுடைய நாவலில், நான் கிழித்துப் போட்ட மூன்று ஆரம்பங்களிலும், கொங்ஸ்பாக்கே இந்தக் கோட்டையின் மேல்தளத்தில் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, தொடுவானத்தைப் பார்த்தவாறு இருப்பார். மூன்றிலும் அதுதான் முதல் வாக்கியம். மதிலுக்குக் கல் எண்ணி வாங்கியவருக்கு அதற்கெல்லாம் பொழுது ஏது?

காரண்டை வந்தோம். டிரைவர் ரயிலுக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார். மைத்துனர் மட்டும் கதவைப் பிடித்தபடி கோட்டையைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், ஒரு சந்தேகம். கடைசி பதினாலு வருஷம் அவரோட பாஷை பேச இங்கே இன்னொரு ஆள் கிடையாது. கடுதாசி எழுதினதாலே எழுத்து மறந்திருக்காது, சரி. ஆனா அந்தக் கப்பல்காரன் கரைக்கு வந்து வாயைத் திறந்தப்போ, இவருக்குச் சட்டுனு பேச வந்திருக்குமா?"

நான் பதில் சொல்லாமல் காரில் ஏறி, சட்டைப் பையில் பேனாவைத் தேடினேன்.